பொட்டாஷ் வாங்கிய புண்ணியவான்

கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு குட்டிக் கம்பெனியின் பங்குகளை வாங்கிப் போட்டிருந்தார். உரத்துக்கான பொட்டாஷ் உப்பைத் தேடி மூன்று வருஷமாக நிலத்தைத் துளைத்துக்கொண்டிருந்த கம்பெனி அது. இதுவரை கண்ட பலன், துளைகள் மட்டும்தான்.

தரகரிடம் விற்கச் சொல்லியும் விலை போகாததால், யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று சகலைக்குப் போன் போட்டுக் கம்பெனியின் பேரைச் சொன்னார்.

“பொட்டாஷ்ல பணத்தைப் போடுங்க சகலை! அடியில அம்பது வருஷத்துக்கு உப்பு கிடக்கு. அப்புறம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்காதீங்க.”

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். “நிஜமாவாங்க?”

“பின்னே? கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்!” என்றார், சகலை காதிலும் நன்றாக விழட்டும் என்று.

சகலை மசியவில்லை. ஆனால் இரண்டே நாளில் தரகர் கூப்பிட்டார்.

“சார், ஆறு மாசமா யாரும் சீண்டாத பங்கு, நீங்க சொன்ன விலைக்கே மொத்தமும் போயிடுச்சு! வாங்கினது ஒரே ஆள்.”

கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து நடந்ததையெல்லாம் மனைவியிடம் கொட்டினார்.

“எந்தப் புண்ணியவானோ, நல்லா இருக்கட்டும்! இந்தப் பணத்துல நீ ஆசைப்பட்ட ஸ்கூட்டரை வாங்கிடலாம்.”

மனைவி சிரிக்கவில்லை. “ஸ்கூட்டருக்குன்னு நானே சேர்த்து வச்சிருந்தேங்க.”

“அப்படியா! எங்கே அது?”

“நீங்கதானே கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு சொன்னீங்க?”

கடைக்காரர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

மனைவி போனை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

“சகலைக்கு மறுபடியும் போடுங்க. இந்தத் தடவை நான் காதைப் பொத்திக்கிறேன்.”