கட்டைவிரல் கட்டம்

"அதோ, கண்ணாடிக்கு வெளியே நிக்கிறான் பாருங்க. காலையிலேர்ந்து என் பின்னாலேயே வரான்."

புறக்காவல் நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் தொக்குயேவுக்குப் படபடப்பு அடங்கவில்லை. மேசைக்கு எதிரே இருந்த பெண் காவலர் சயோரி எட்டிப் பார்த்தாள். கொட்டும் பனியில் ஒரு வெள்ளைத்தலைக் கிழவர் நின்றிருந்தார். கையில் மடக்கிய பூப்போட்ட குடை. சற்று முன் அவர் உள்ளே காலெடுத்து வைக்க, தொக்குயே போட்ட கூச்சலில் பின்வாங்கியிருந்தார்.

"உங்ககிட்ட ஏதாவது பேசினாராம்மா?"

"பேரைச் சொல்லிக் கூப்பிடறான். வீட்டுக்குப் போலாம் வாங்கறான். எனக்கு இடது முழங்கால் வலிக்கும்னுகூடத் தெரிஞ்சு வெச்சிருக்கான்."

காலையிலிருந்து எந்தக் கடைக் கண்ணாடியைப் பார்த்தாலும் தன் தோளுக்குப் பின்னால் அந்த முகம். கார் பாக ஆலையிலிருந்து கணவர் தெத்சுரோ மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். அதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். இந்தச் சனியனை வாசல்வரை இழுத்துக்கொண்டா போக முடியும்?

நினைவு தப்பித் திரிகிறவர்களின் நகத்தில் நகராட்சி கியூஆர் கட்டம் ஒட்டுவதாக அக்கம்பக்கத்தில் பேச்சு. அது சட்டென்று ஞாபகம் வந்தது.

"அவன் நகத்தைப் பாருங்க. கட்டம் இருந்தா போன்ல காட்டுங்க, எந்த வீட்டு ஆள்னு தெரிஞ்சிடும். ஓரம் தேய்ஞ்சிருந்தாலும் மிச்சத்தை வெச்சே முழுசையும் படிச்சிடுமாம். எங்க வீட்டுக்காரர் ஆலையில பெட்டிக்குப் பெட்டி அந்தக் கட்டத்தைத்தான் ஒட்டியிருப்பாங்க. பாவம், அவன் வீட்ல தேடிக்கிட்டிருப்பாங்க."

சயோரி வெளியே போகவில்லை. சூடாகப் பச்சைத் தேநீர் ஊற்றி நீட்டினாள்.

"கை விறைச்சிருக்கும். கையுறையைக் கழட்டிட்டுக் குடிங்கம்மா."

கோப்பையைப் பிடித்த தொக்குயேவின் கட்டைவிரல் நகத்தில், ஓரம் தேய்ந்துபோன ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம். சயோரி அதன்மேல் போனைக் காட்டினாள். நகராட்சியைக் கூப்பிட்டு, திரையில் வந்த பதிவெண்ணைச் சொல்லி ஒரு போன் எண்ணை வாங்கி, அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஹலோ, சொல்லுங்க" என்றது ஒரு குரல்.

தொக்குயேவின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரர்தான்! ஏங்க, சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போங்க. எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படாதே, இதோ வந்துட்டேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே, கிழவர் கண்ணாடிக் கதவைத் தள்ளினார்.