பல் டாக்டருக்கு ஒரு ஸ்பேனர்

"யாரும் முறைச்சுப் பார்க்கக் கூடாது. அதுக்காகப் பார்க்காமலும் இருக்கக் கூடாது" என்றாள் மனைவி.

"பேசலாமா?" என்றேன்.

"பேசலாம். ஆனா நண்பன், ரூம்மேட், இந்த ரெண்டு வார்த்தையும் வாயில வரவே கூடாது."

அவள் தம்பி, தன்னோடு வாழப்போகிறவரை முதல் தடவையாக வீட்டுக்கு அழைத்து வருகிறான். வருபவரும் ஓர் ஆண், பல் டாக்டர். விஷயம் தெரிந்த அன்று அத்தை அழுதார், மறுநாள் தேறிவிட்டார். மாமாதான் இதுவரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"அப்பா அவரை அவமானப்படுத்தினா, நான் இந்த வீட்டுக்கு வர்றது இதுதான் கடைசி" என்று மச்சினன் போனிலேயே சொல்லியிருந்தான்.

வந்தார்கள். டாக்டர் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் பல் தெரியச் சிரித்தோம். தலைக்கு மேல் ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது. ஆனாலும் வியர்த்தது.

மாமா சிரிக்கவில்லை. டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பல்லுல ஓட்டை விழுந்தா அடைப்பீங்கல்ல?"

"அடைப்பேன் சார்."

"அப்ப எழுந்து வாங்க. சிங்க்குக்குக் கீழ ஒழுகுது."

"அப்பா!" என்றாள் மனைவி. அதற்குள் மாமா சமையலறைக்குப் போய்விட்டார். டாக்டர் மச்சினனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம்.

"ஸ்பேனரை இப்படியா பிடிப்பாங்க? அது என்ன பேனாவா?"

"வழுக்குது சார்."

"சார் என்ன சார்! டார்ச்சை நான் பிடிக்கிறேன், நீ திருப்பு. இடது பக்கம்... உன் இடது பக்கம்டா!"

அந்த 'டா'வில் மச்சினன் முகம் கறுத்துவிட்டது. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்த விஷயத்தை அவன் முதன்முதலில் சொன்னதே என்னிடம்தான். "அதனால என்ன?" என்று அன்றைக்கே கேட்டவன் நான். அந்த உரிமையில், பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த அத்தையிடம் போனேன்.

"என்ன அத்தை இது? முதல் தடவையா வந்த மனுஷனை இப்படியா தரையில படுக்க வைக்கிறது? ஆயுசு பூரா ஃபிட்டர் வேலை பார்த்தவர் மாமா. ஒரு குழாயை அவரால சரி பண்ண முடியாதா?"

"முடியாமலா? காலையில அதைக் கழட்டிவிட்டதே அவர்தான்."

"எதுக்கு?"

சமையலறையில் எதுவோ பீய்ச்சி அடிக்கும் சத்தம். "ஐயோ" என்ற டாக்டரின் குரல். அப்புறம் சிரிப்பு, முதலில் அவருடையது, உடனே மாமாவுடையது. மச்சினன் சமையலறைக்கு ஓடுவது தெரிந்தது. சிரிப்பு மூன்றாகியது.

அத்தை மடித்த துண்டு ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"நனைஞ்சிருப்பார். கொண்டுபோய்க் குடுங்க."

நான் நகரவில்லை. அத்தை அடுத்த துணியை உதறினார்.

"ஏன் மாப்பிள்ளை, கல்யாணம் பேச நீங்க முதல் தடவை வந்தப்ப ஹால் ஃபேன் நின்னுபோய், ஸ்டூல் மேல ஏறி மாமாகிட்ட திட்டு வாங்குனீங்களே... அது தானா நின்னுதுன்னா இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"