மூச்சுப் பயிற்சி

"வாயால மெதுவா இழுங்க சார். குழாயைக் கடிக்காதீங்க" என்றாள் கீர்த்தனா. செங்கம் ரோட்டு விடுதி ஒன்றின் நீச்சல் குளத்தில் அவள் பயிற்சியாளர்.

பரசுராமன் அரை நிமிடத்தில் தலையைத் தூக்கிவிட்டார். "மூச்சு முட்டுதும்மா. பௌர்ணமிக்குள்ள கத்துக்கலன்னா என் மானமே போயிடும்."

"அந்தமான் டூரா சார்? வீட்டம்மாவும் வர்றாங்களா?"

"நிறைய பேர் வருவாங்க."

"பயப்படாதீங்க. இந்த ஸ்நார்கெல் குழாய் வாயில இருந்தா முகத்தைத் தூக்கவே வேணாம். அவசரப்பட்டாதான் மூச்சு வாங்கும்."

ஒரே வாரத்தில், நீரில் முகம் புதைத்தபடி முக்கால் மணி நேரம் சுகமாக மூச்சுவிட்டு நீந்தினார். கீர்த்தனாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பௌர்ணமியன்று கிரிவலம் வந்தவள், அடி அண்ணாமலையில் கூட்டத்தைக் கண்டு நின்றாள். 'மூச்சை வென்ற மகானின் ஒரு மணி நேர ஜல தவம்' என்றது பேனர். அதில் காவி உடையில் சிரித்தவர் பரசுராமன்.

பக்கத்தில் பெரிய தொட்டி. நீர் தெரியாதபடி தாமரை இலைகள். நடுவில் ஓர் இலையைத் துளைத்துக்கொண்டு, பச்சை பெயின்ட் அடித்த குழாயின் நுனி விரலளவு நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் உறைந்து நிற்கும்போதே பால்குடங்களோடு பெண்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் வந்த பச்சையம்மாள், சாமியின் தலை அங்கேதான் இருக்குமென்று அந்த நடு இலைக்கு நேராகக் குடத்தைத் தூக்கினாள்.

"ஐயோ, அங்க ஊத்தாதீங்கக்கா. அவர் மூச்சு விடணும்."

பச்சையம்மாள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"எங்க சாமிக்கு ஏதும்மா மூச்சு?" என்றபடி குடத்தைக் கவிழ்த்தாள்.