சர்க்கரைச் சோப்பின் முதல் நுரை

ஆய்வுக்கூடத்து ஜன்னல் வெயில் குடுவையில் விழுகிறது. உள்ளே அசிட்டோனில் சர்க்கரையும் கொழுப்பு அமிலமும் நொதி மணிகளோடு மெல்லச் சுழல்கின்றன. நொதி இரண்டையும் ஒட்டிச் சோப்பாக்கும்; தண்ணீர் சேர்ந்தால் தான் ஒட்டியதைத் தானே பிரித்துவிடும். அதற்காக ஆய்வாளரான அவள் ஈரம் உறிஞ்சும் குருணையையும் போட்டிருக்கிறாள். முந்தைய குடுவையில் விளைந்த சோப்பை அடுத்த மேசைத் தோழி சோதனைக் குழாயில் தண்ணீர் விட்டுக் குலுக்குகிறாள். "ஏய், நுரை நிக்குதுடி!" மாதக்கணக்காகப் போக்குக் காட்டிய நுரை. அவள் "ம்" என்கிறாள். குழாயை வைத்துவிட்டுத் தோழி குரலைத் தாழ்த்துகிறாள். "மதியம் கோர்ட்டுக்கு அவர் வருவாரா?" "வருவார். சம்மதிச்சு வாங்குற விவாகரத்துன்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமே." காலையிலிருந்து கழற்றப் பார்த்தும் கல்யாண மோதிரம் விரல் மூட்டைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அவள் கையுறையைக் கழற்றி விரலை நீட்டுகிறாள். தோழி குழாயை எடுத்து நுரையை விரல்மேல் கவிழ்க்கிறாள். ஒரே திருகில் மோதிரம் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. "எரியுதா?" "இல்ல." மோதிரத்தை அலசுகிறாள், துணியில் ஒற்றி எடுக்கிறாள், எங்கே வைப்பதென்று மேசை முழுக்கப் பார்க்கிறாள். பிறகு அதே விரலில் போட்டுக்கொண்டு, அடுத்த குடுவைக்குச் சர்க்கரை நிறுக்கிறாள்.