முழுச் சுமை

லோட் பேங்க் பெட்டியிலிருந்து வெளியேறிய அனல்காற்று, கிளினிக்கின் பின்புறத்துப் பனிமூட்டத்தில் பெரிய ஓட்டை போட்டிருந்தது.

பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்பிய பெண்கள் நாலைந்து பேர் அதன் முன்னால் நின்று குளிர் காய்ந்தார்கள்.

கேபிளை மிதிக்காமல் தள்ளி நிற்கச் சொன்னாள் சசிரேகா. தோட்டத்துக் கிளினிக்கின் ஜெனரேட்டரைச் சோதிக்க, அந்தப் பெட்டியை லோரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவிலிருந்து வந்திருந்தாள்.

பெட்டிக்குள் இருப்பது வெறும் ஹீட்டர் கம்பிகள்தான். ஜெனரேட்டர் தருகிற கரண்டையெல்லாம் தின்று, சூடாக வெளியே துப்பும். சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்திரம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கால் சுமை. அரை. முக்கால்.

நல்லுசாமி கைலியோடு வந்து நின்றிருந்தார். கரண்ட் போனால் ஜெனரேட்டரை முடுக்கி, சுவிட்சை மாற்றிப் போடுவது அவர் வேலை. போன மாதம்வரை.

அன்று அடைமழையில் கரண்ட் போனது. ஜெனரேட்டரிலிருந்தும் கிளினிக்குக்குக் கரண்ட் வரவில்லை. ஆக்சிஜன் மெஷினை நம்பிப் படுத்திருந்த உயிர் ஒன்று போய்விட்டது.

எந்திரம் ஓடி நின்றுவிட்டது என்றார் நல்லுசாமி. பதற்றத்தில் சுவிட்சைத் தப்பாகப் போட்டிருப்பார் என்றது தொழிலாளர் குடியிருப்பான லயம். சோதனை முடியட்டும், பிறகு முடிவு சொல்கிறேன் என்று மேனேஜர் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்.

"இன்னும் ஏத்துங்கம்மா," என்றார் நல்லுசாமி இப்போது.

"இதுதான் முழு லோடு, அங்கிள். இதுக்கு மேல தாங்கணும்னு இல்ல."

எந்திரம் சீராக ஓடியது. மீட்டரில் முள் அசையவில்லை. பெண்களில் பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோதும் அதே சத்தத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நல்ல எந்திரம்.

அது ஓட ஓட நல்லுசாமியின் முகம் வற்றிக்கொண்டே வந்தது. கடைசியில் சசிரேகாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் சரியாத்தான் போட்டேன்மா. போட்டேன்னுதான் நெனைக்கிறேன். இருட்டுல தடவித்தான் போட்டேன். இப்ப எனக்கே தெரியல."

"அன்னிக்கு உள்ள இருந்தது யாரு, அங்கிள்?"

"ஜெயா. என் வீட்டுக்காரி."

சசிரேகா பெட்டியின் மறுபக்கம் போனாள்.

சற்று நேரத்தில் எந்திரத்தின் சத்தம் மாறியது. முனகியது. கரும்புகை கக்கியது. ஒருமுறை குலுங்கி, அப்படியே நின்றது.

அனல்காற்றும் நின்றது.

"அன்னிக்கும் இப்பிடித்தான்," என்றார் நல்லுசாமி. "பாத்தீங்கல்ல? இப்பிடித்தான் நின்னுச்சு."

சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடாமலே அழுதார். பெண்களில் ஒருத்தியான மோகனா ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். லயத்தில் அவரைக் குறை சொல்லி அதிகம் பேசியவள் அவள்தான்.

எதிரே இருந்த ஆபீசில் மேனேஜர் குகனேஸ்வரன் காத்திருந்தார்.

"நின்னுடுச்சாமே? மெஷின் ரோசாக்கா, கெட்டுப்போச்சா?"

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல, சார். முழு லோடுல இவ்வளவு நேரம் ஓடிச்சு. அதுக்கு மேல, தாங்காத அளவுக்கு ஏத்தி நான்தான் நிறுத்தினேன்."

"ஏன்?"

சசிரேகா சன்னல் வழியே பார்த்தாள். நல்லுசாமி எழுந்து நின்று, எந்திரம் எப்படிக் குலுங்கியது என்று கைகளை ஆட்டிப் பெண்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள்.

"கரண்ட் போனா தானா மாறுற சுவிட்ச் போடுங்க, சார். இத ஒரு ஆள் கையில விடாதீங்க."

"அப்ப அன்னிக்கு அவருதான் தப்பாப் போட்டாரா?"

"தெரியாது, சார். இன்னைக்கு ஓடுறது அன்னிக்கும் ஓடியிருக்கும்னு நான் எப்படிச் சொல்ல?"

குகனேஸ்வரன் சன்னல் வழியே நல்லுசாமியைப் பார்த்தார். பிறகு எழுந்து, தூறலைப் பொருட்படுத்தாமல் வெளியே நடந்தார்.

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். நல்லுசாமி பேச்சை நிறுத்திவிட்டுக் கைலியை இறக்கிவிட்டார்.

"மெஷின்லதான் கோளாறாம், அண்ணே," என்றார் குகனேஸ்வரன், எல்லோருக்கும் கேட்கும்படி. "நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க."