இரண்டு வாளி பழைய நீர்

மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

பேக்கரி வரிசையில் நின்று பெற்ற அரை இறாத்தல் பாணைக் கதிரைமேல் வைத்துவிட்டு, அபூதாஹிர் கண்ணாடித் தொட்டியின் முன் குனிந்தான். காலையில் பாசி படர்ந்திருந்த கூழாங்கற்கள் உரித்த முட்டையைப்போல் வெளுத்திருந்தன.

ஆறு வாள்வால் மீன்களுள் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. இன்னும் ஒரு கிழமையில் குஞ்சு ஈனவேண்டிய மீன் அதுதான்.

"ஆர் இதைக் கழுவினது?"

அடுப்பு மணம் வீசிய குசினி வாசலில் தொங்கிய மெல்லிய சீலைத் திரை சற்றே அசைந்தது.

விடையை அவன் மனைவி ஸல்ஹாவே வெளியே கொண்டுவந்தாள்.

"உம்மாதான். மூண்டு தரம் உரஞ்சிக் கழுவி, புதுசாக் குழாய்த் தண்ணி நிரப்பினவ. மாப்பிள்ளைட சாமான் ஊத்தையாக் கிடந்தா ஊர் என்ன கதைக்கும் எண்டு."

மணமகன் பெண்வீட்டிற்கு வந்து வாழ்வது அவர்களிடையே வழக்கம். மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் துறைமுகத்தைக் கடந்து திருகோணமலைக்கு வந்தபோது, அபூதாஹிர் மடியில் ஏந்தி வந்தது அந்தச் சிறிய தொட்டியையே. நாற்பது நாட்கள் ஆகியும், தன்னுடையது என்று அவன் கைவைத்துச் சொல்லக்கூடிய பொருள் அந்த வீட்டில் வேறொன்றும் இல்லை.

மாமியார் மருமகன் முன் வருவதில்லை, நேரே பேசுவதுமில்லை. அது அவ்வீட்டின் ஒழுங்கு. சித்தி பரீதா என்ற அந்த மாமியாரின் சமையலை அவன் நன்கறிவான், குரலை அறியான்.

தொட்டி நீரை உள்ளங்கையில் அள்ளி முகர்ந்தான். ஆசுபத்திரியின் மணம் அடித்தது. நகரில் வயிற்றோட்டம் பரவியதனால் அவ்வாரம் குழாய்நீரில் குளோரின் மருந்தைக் கூட்டியிருந்தார்கள். மனிதரைக் காக்கும் அந்த அளவு மீனின் செவுளைச் சுட்டுவிடும்.

"மருந்துத் தண்ணி. ஒரு நாள் திறந்து வெச்சாத்தான் மருந்து போகும். இதுகள் ஒரு மணித்தியாலமும் தாங்காது."

"கிணத்துத் தண்ணி?"

"அது உப்பு. ஏலாது." அவன் குரல் இறங்கிற்று. "பழைய தண்ணியை எந்த முருங்கைக்கு ஊத்தினீங்க?"

ஸல்ஹா திரைக்குப் பின்னே ஓடினாள். உள்ளே தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சு. பின்னர் வாளியின் பிடி கிணுங்கிற்று.

அவள் இரண்டு வாளிகளுடன் வந்தாள். இரண்டின் மேலும் தட்டு மூடியிருந்தது.

"மாப்பிள்ளை கொண்டுவந்த சாமான்ல ஒரு சொட்டும் வெளியில போகக்கூடாதாம். பாசித் தண்ணிக்கும் மூடி போட்டு வெச்சிருக்கிறா, எங்கட உம்மா!"

சாயத் தேநீர்போல் பழுத்த நீர். அவன் ஒரு வாளியைத் தொட்டிப் பக்கம் இழுத்தான். ஆயினும், உரஞ்சிக் கழற்றிய பாசியும் சேறும் அதில் அடர்ந்து மிதந்தன. அப்படியே விட்டால் செவுள் அடைத்துப்போகும்.

"மெல்லிய சீலை ஒண்டு, கெதியா!"

ஸல்ஹா அலுமாரியிடம் ஓடினாள். பூட்டியிருந்தது. திறப்பைத் தேடித் தலையணைகளைப் புரட்டினாள்.

சாய்ந்த மீனின் வாய் அசைவது நின்றுவிட்டது.

அப்போது, 'சர்' என்ற ஓசையுடன் குசினித் திரை அறுந்து விழுந்தது.

அதன் ஒரு முனை அவன் கைக்கு வந்தது. மறுமுனையை, முக்காடு தோளில் சரிந்ததையும் அறியாமல், சித்தி பரீதா பிடித்திருந்தார்.

"இறுக்கிப் பிடிங்க, மகன். ஸல்ஹா, ஊத்து புள்ள!"

ஸல்ஹா கொண்டுவந்து வைத்த அகன்ற சருவப் பாத்திரத்தின் மேல் இருவரும் திரையை விரித்துப் பிடித்தார்கள். பழைய நீர் அதனூடே வடிந்து இறங்கிற்று.

அபூதாஹிர் மீன்களை ஒவ்வொன்றாக ஏந்திச் சருவத்தில் விட்டான். ஐந்து மீன்கள் அடியை நோக்கிச் சென்றன. ஆறாவது மிதந்தது.

மூவரும் சருவத்தின்மேல் குனிந்தனர்.

அதன் செவுள் ஒருமுறை திறந்தது. பின்னர் இன்னொருமுறை. வால் நெளிந்தது. மெல்ல நிமிர்ந்து, சற்றுத் தள்ளாடி, அதுவும் கீழே இறங்கியது.

அதன் பின்னரே சித்தி பரீதாவுக்குத் தாம் நிற்கும் இடம் நினைவு வந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குசினிக்குள் விரைந்தார்.

உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. ஆனால், அது ஸல்ஹாவை நோக்கியதன்று.

"ஊத்தைதான் மீனுக்குச் சுகமெண்டு ஆருக்குத் தெரியும், மகன்?"

அன்று மாலை திரை மீண்டும் கட்டப்படவில்லை. ஈரமாயிருக்கிறது என்று காரணம் சொல்லப்பட்டது.

ஒரு கிழமை கழித்துக் குஞ்சுகள் பிறந்தன. திரை இன்னும் காயவில்லை என்றே அன்றும் சொன்னார்கள்.