கோதுமைக்கு நடுவில் ஒரு பாதை

மரக் கேட்டைத் தாண்டியதும் இவர் நின்றுவிட்டார்.

எதிரே இடுப்பளவு கோதுமை. வலப்பக்கம் கீழே கடல். ஓர் ஆள் போகிற அகலத்தில் பாதை பயிரின் நடுவே நேராகப் போனது.

"பயிருக்குள்ள ஷூவோடயா போறது?" என்று என்னிடம் கேட்டார்.

இங்கே எல்லோரும் அப்படித்தான் போவார்கள், போர்டே வைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்றாள் எங்கள் மகள் பிரியா. இவர் காதில் ஏறினால்தானே.

இங்கிலாந்து போவதற்கென்றே அம்பத்தூர் ஓ.டி.யில் வாங்கிய ஷூ. குனிந்து கழற்றினார். சாக்ஸை உருட்டி உள்ளே திணித்தார். திருமுல்லைவாயிலில் எங்கள் நிலத்தில் ஃபிளாட் எழும்பி இருபது வருஷம் ஆகிறது. ஆனாலும் வயல் என்று ஒன்றைக் கண்டால் இந்த மனுஷனுக்குக் கால் வெறுங்காலாக இருக்க வேண்டும்.

எனக்கு அதுவா கவலை? வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. நாளை மறுநாள் விமானம். பிரியாவின் புருஷன் சந்தோஷிடம் இவர் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

கார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று மகளிடம் கேட்பார். காரை ஓட்டுகிறவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான்.

கல்யாணமாகி நாலு வருஷம். பதிவு அலுவலகத்தில் நடந்தது, நாங்கள் போகவில்லை. சந்தோஷின் தாத்தா தேவராஜ் எங்கள் நிலத்தில் முப்பது வருஷம் ஏர் ஓட்டியவர். ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. அவ்வளவுதான் காரணம். மற்றபடி அந்தப் பிள்ளையிடம் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. நான் தனியாகவே விமானம் ஏறிவிடுவேன் என்று சொன்ன பிறகுதான் இவர் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க வந்தார்.

எனக்கு ஒரே ஓர் ஆசை. ஊர் திரும்புவதற்குள் இவர் வாயிலிருந்து ஒரு தடவையாவது 'மாப்ள' என்று வர வேண்டும்.

காலையிலிருந்து நல்ல நடை. தயிர்சாதப் பை, தண்ணீர், என் ஸ்வெட்டர் எல்லாம் சந்தோஷ் தோளில்தான். ஏற்றத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். கடலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டோம். வெயிலும் காற்றும் சேர்ந்து அடித்ததில் அப்படியே சாய்ந்து தூங்கிவிடலாம் போல இருந்தது.

இவர் வெறுங்காலோடு நிமிர்ந்து திரும்பினார். பின்னால் சந்தோஷும் ஒரு முழங்காலை ஊன்றி லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

நான் கையெடுத்துக் கும்பிடாத குறை. பிழைக்கத் தெரிந்த பிள்ளை, மாமனார் மனசைப் பிடித்துவிட்டான் என்று நினைத்தேன்.

ஆனால் இவர் முகம் என்னவோ போல ஆகிவிட்டது.

"வேணாம்" என்றார். "நீ போட்டுக்கினு வா."

பன்னிரண்டு நாளில் முதல் பேச்சு.

சந்தோஷ் தலையைத் தூக்கி இவரைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. "உங்களுக்காக இல்ல மாமா. பயிருக்காகத்தான் கழட்டுறேன். எங்க தாத்தாவும் கழட்டுவாரு" என்றான். இன்னொரு கால் ஷூவையும் கழற்றினான்.

இவர் குனிந்து அவனுடைய ஷூ இரண்டையும் எடுத்துக்கொண்டார். சந்தோஷ் பதறிப்போய்க் கையை நீட்டினான்.

"இருக்கட்டும். நீ முன்னாடி நட, மாப்ள."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காற்றில் தூசி என்று பிரியாவிடம் சொல்லிவிட்டு நானும் செருப்பைக் கழற்றினேன்.

சந்தோஷ் முன்னால் போனான். இவர் தன் ஷூவைக் கையில் தொங்கவிட்டு, சந்தோஷின் ஷூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் போனார்.

"இன்னாம்மா இது, அப்பா ஏன் அத கக்கத்துல வச்சிகினு போறாரு? சட்டையெல்லாம் மண்ணு" என்று பிரியா சிரித்தாள்.

அவளுக்குத் தெரியாது. அவள் பிறப்பதற்கு முந்தைய கதை.

தேவராஜ் வயலில் செருப்பைக் கழற்றியது பயிருக்காகத்தான். எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதும் கழற்றுவார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டைத் தாண்டிய பிறகுதான் கீழே போட்டுக் காலை நுழைப்பார்.

இவர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். போட்டுக்கொண்டு போ என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

நானும்தான் சொன்னதில்லை.